அலை மின்சாரம்: கேட்டீங்க, சொல்றேன்

சொந்த ஊர் ராதாபுரம் பக்கம். கடலில் மிதக்கும் கருவிகளை நங்கூரம் போட்டு நிறுத்துவதுதான் பல வருஷமாக என் தொழில். தூத்துக்குடியில் நடந்த அலை மின்சாரச் சோதனை பற்றி குழுவில் பேச்சு வந்ததும் ஆளாளுக்குக் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில்.

கேள்வி (பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்): தம்பி, அந்தக் கருவி வெறும் 100 வாட்டாமே? ஒரு குண்டு பல்பு எரியும். இதுக்கா இவ்வளவு பேச்சு?

பதில்: அண்ணாச்சி, நீங்கள் சொல்வது சிந்துஜா-1. சென்னை ஐஐடி 2022 நவம்பரில் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில் இறக்கியது. 100 வாட் என்பது உண்மைதான். ஆனால் அலைக் கருவியில் சின்ன மாதிரிக்கும் பெரியதுக்கும் உள்ள கணக்கு நாம் நினைப்பதுபோல் இருக்காது. நீள அகல உயரத்தை 4 மடங்கு ஆக்கினால், அதற்கேற்ற பெரிய அலையில் மின்சாரம் 128 மடங்கு ஆகும். 10 மடங்கு ஆக்கினால் 3,000 மடங்குக்கும் மேல். அதனால் சின்னக் கருவியிடம் யூனிட் கணக்குக் கேட்பதில்லை. சங்கிலி தேய்கிறதா, மூட்டு வழியே உப்புத்தண்ணி இறங்குகிறதா, சிப்பியும் பாசியும் ஒட்டி எடை கூடினால் ஆட்டம் மாறுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். தொட்டியில் வைத்துப் பார்த்தால் இதில் ஒன்றுகூடத் தெரியாது. கயத்தாறில் காற்றாலைக்குச் சோதனை நிலையம் இருக்கிறதே, அதுமாதிரி இதைக் கடலில்தான் பார்த்தாக வேண்டும்.

கேள்வி (வள்ளியூர், கல்லூரி மாணவி): அலை மேலயும் கீழயும்தான போகுது, டர்பைன் எப்படி ஒரே பக்கமா சுத்தும் சார்?

பதில்: நல்ல கேள்விம்மா. ஒரு வகைக் கருவியில், அடி திறந்த ஒரு அறைக்குள் அலை ஏறி இறங்கும். மேலே அடைபட்ட காற்று ஒரு துளை வழியே வெளியே போய் உள்ளே வரும். அந்தத் துளையில் வெல்ஸ் டர்பைன் இருக்கும். காற்று எந்தப் பக்கம் வந்தாலும் ஒரே திசையில் சுற்றும்படி அதன் இலைகள் இரண்டு பக்கமும் ஒரே வளைவாக இருக்கும். நம் பக்கத்திலேயே, கேரளக் கரையில் இருக்கும் விழிஞ்ஞத்தில், 1991-இல் 150 கிலோவாட்டுக்கு இப்படி ஒரு நிலையம் ஓடியது. பிறகு அந்த மின்சாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள். இப்போது அது ஓடவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். அவ்வளவு சீக்கிரமே நாம் தொடங்கிய வேலை அது.

கேள்வி (கூத்தங்குழி, வள்ளம் ஓட்டுபவர்): அண்ணே, நாளைக்கு நம்ம கடல்ல இதக் கொண்டாந்து போட்டா எங்க வலைக்கு என்ன கதி?

பதில்: எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்ட கேள்வி இதுதான். மேலே தெரியும் மிதவை சின்னதாக இருக்கும். அடியில் நங்கூரச் சங்கிலி நாலு பக்கமும் விரிந்து கிடக்கும். 20 மீட்டர் ஆழத்துக்குச் சங்கிலியின் நீளம் அதைப்போல் பல மடங்கு வேண்டும். அந்த வட்டத்துக்குள் வலை போனால் வலையும் போச்சு, கருவியும் போச்சு. கரைக்கு மின்கம்பி இழுத்தால் அந்தப் பாதையிலும் நங்கூரம் போட முடியாது. அதனால் எங்கே வைப்பது என்பதைக் கம்ப்யூட்டரில் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. எந்த மாசம் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த இடத்தில் பார் (கடலடிப் பாறை) கிடக்கிறது, மீன் எங்கே கூடும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து பேசி, இடத்தை உங்களோடு சேர்ந்து குறிக்க வேண்டும். இராத்திரி விளக்கும் எரிய வேண்டும். இதைச் செய்யாமல் மிதவை இறக்க வருகிறவர்களை நீங்கள் நிறுத்திக் கேள்வி கேட்பது நியாயம். நானும் உங்கள் பக்கம்தான் நிற்பேன்.

கேள்வி (உவரி): ஆனி ஆடிக் கச்சான்ல தாங்குமா?

பதில்: கச்சான் என்ற அந்த மேல்காற்று காலத்தில் தாங்குவதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. அலையின் சக்தி அதன் உயரத்தின் வர்க்கத்தையும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியையும் பொறுத்தது. ஆழமான இடத்தில் பெரிய அலைகளின் சராசரி உயரம் 1 மீட்டராக இருந்து, 6 விநாடிக்கு ஒருமுறை வந்தால், ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 3 கிலோவாட். அதுவே 4 மீட்டர் அலை 10 விநாடிக்கு ஒருமுறை வந்தால் சுமார் 80 கிலோவாட். கருவி வருஷம் முழுக்க 3-இல் சம்பாதித்து, ஒரு நாள் 80-இல் உயிர் பிழைக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 1995-இல் ஆஸ்ப்ரே என்ற கருவியை நிறுவி முடிப்பதற்குள்ளேயே கடல் உடைத்துவிட்டது. அங்கேயே பெலாமிஸ் என்ற இன்னொரு கருவி 2004-இல் மின்கட்டமைப்புக்கே மின்சாரம் கொடுத்தது. அதைச் செய்த நிறுவனம் 2014-இல் பணமில்லாமல் மூடப்பட்டது. காற்றே இல்லாத நாளில் தெற்கே வெகுதூரத்திலிருந்து வரும் கள்ளக்கடலையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கேள்வி (திசையன்விளை): கூடங்குளம் இருக்கு, காத்தாடி இருக்கு, இது எதுக்கு?

பதில்: கூடங்குளத்தில் ஓர் உலையே 1,000 மெகாவாட். அதோடு இது போட்டி போடவில்லை. கம்பி போகாத தீவு, நடுக்கடல் மிதவை, கண்காணிப்புக் கருவி, சின்ன குடிநீர் ஆலை, இவற்றுக்குத்தான் முதலில் உதவும்.

கேள்வி (வள்ளியூர் மாணவியே மறுபடியும்): நான் எங்கேருந்து தொடங்கட்டும் சார்?

பதில்: ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு உவரிக் கரைக்குப் போங்கம்மா. தண்ணியில் இறங்க வேண்டாம். பத்து நிமிஷத்தில் எத்தனை அலை உடைகிறது என்று எண்ணுங்கள். 600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அலையின் காலம், அதாவது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி, விநாடியில் கிடைக்கும். கரைக்கு வரும்போது அலையின் உயரம் மாறும், காலம் பெரும்பாலும் மாறாது. பங்குனியில் ஒரு தரம், ஆனியில் ஒரு தரம் எண்ணி எழுதி அனுப்புங்கள். மீதிக் கணக்கைச் சேர்ந்து போடுவோம்.