பந்தைத் தூக்க வேண்டாம், அதுவே எழும்: கோல்ஃப் கேள்வி பதில்

புதிதாக ஆடத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். எல்லாமே வலது கைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாம்பரம்: கடையில் முழு செட் விலையைக் கேட்டுத் தலை சுற்றிவிட்டது சார். அத்தனை கிளப்பும் வேண்டுமா?

வேண்டாம். கிளப் என்றால் பந்தடிக்கும் கோல். 14 என்பது விதி அனுமதிக்கும் உச்சவரம்பு, வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. தூர அடிக்கு ஒரு ஹைப்ரிட், நடுத்தர தூரத்துக்கு 7 அயர்ன், 9 அயர்ன், கிட்டத்திலிருந்து உயர்த்தி அடிக்கப் பிட்சிங் வெட்ஜ், மணலுக்குச் சாண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்டிவிடப் பட்டர். இந்த ஆறும் பழைய செட்டாகக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். கைப்பிடி ரப்பர் வழவழத்துப் போயிருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 7 அயர்னில் பாதிக்கு மேல் நேராகப் போகத் தொடங்கிய பிறகு, அதிக தூரம் அடிக்கும் டிரைவரைப் பற்றி யோசிக்கலாம். புதுப் பந்துக்குப் பணம் கொட்டாதீர்கள். குளத்திலிருந்து எடுத்துக் கழுவி விற்கும் பந்தே போதும், எப்படியும் அது குளத்துக்குத்தான் திரும்பப் போகும்.

சேலம்: பல வருடம் லீக் கிரிக்கெட் ஆடியவன். ஓடி வரும் பந்தை அடித்தவனால் நிற்கும் பந்தை நேராக அடிக்க முடியவில்லை. எல்லாமே வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போகிறது.

கிரிக்கெட்டிலிருந்து வருபவர்கள் பலருக்கும் உள்ள வியாதி இது. ஸ்லைஸ் என்பார்கள். கவர் டிரைவ் ஆடும்போது இடது முழங்கையை உயர்த்தி, மட்டையின் முழு முகத்தையும் பந்து போக வேண்டிய திசைக்குக் காட்டியபடியே கையை நீட்டிப் பழகியிருப்பீர்கள். அங்கே அது அழகு, இங்கே அதுதான் வினை. கோல்ஃபில் கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும்போது அதன் முகம் (பந்தில் படும் பரப்பு) வலப்பக்கம் திறக்கும், பந்தைத் தொடும்போது நேராகும், தாண்டிய பிறகு மூடும். முன்கைகள் உருள வேண்டும். நீங்கள் உருள விடுவதில்லை, அதனால் முகம் திறந்தபடியே வந்து பந்தில் படுகிறது.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் கிளப்பின் முகம்தான் முடிவு செய்கிறது. அப்புறம் எப்படி வளையும் என்பது, முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வீசப்படும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 'வலது பக்கம்தானே போகிறது' என்று உடம்பை இடது பக்கமாகத் திருப்பி நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அப்படி நின்றால் பாதை இன்னும் குறுக்காகும், வளைவு கூடத்தான் செய்யும்.

முதலில் பிடியைப் பாருங்கள். இடது கை மேலே, கிளப் உள்ளங்கையில் இல்லாமல் விரல்களின் அடியில். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு, மூன்று விரல் முட்டி தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்கள். வலது உள்ளங்கை இடது கட்டைவிரலை மூடிக்கொள்ளட்டும். வலது சுண்டு விரலை இடது ஆள்காட்டி விரலோடு கோத்துக்கொள்வதும் மேலே போட்டுக்கொள்வதும் உங்கள் சௌகரியம். இறுக்கம் மட்டும் கூடாது, உரித்த வாழைப்பழத்தைப் பிடிப்பது போல இருக்கட்டும்.

பிறகு ஒரு வாரம் அரை வீச்சு மட்டும், இடுப்பிலிருந்து இடுப்பு வரை. அடித்து முடித்ததும் அப்படியே நின்று பாருங்கள். கிளப்பின் மூக்கு (தலையின் நுனி) வானத்தைப் பார்த்தால் முன்கை உருண்டிருக்கிறது. முகம் வானத்தைப் பார்த்தால் இன்னும் கவர் டிரைவ்தான்.

திருச்சி: எனக்குப் பந்து எழும்புவதே இல்லை, தரையோடு ஓடுகிறது. தலையைத் தூக்குகிறாய் என்கிறார்கள். அப்படியா?

பாவம் தலை, எல்லாப் பழியும் அதன் மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் காரணம் வேறு. பந்தைக் காற்றில் ஏற்ற வேண்டும் என்ற ஆசையில் எடையை வலது காலிலேயே வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே அள்ளுகிறீர்கள். கிளப் பந்துக்கு முன்பே அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு, மேலே ஏறும்போது பந்தின் உச்சந்தலையில் உரசுகிறது. 7 அயர்னின் முகத்தில் சுமார் 30 டிகிரி சாய்வு இருக்கிறது, சாண்ட் வெட்ஜில் 56 அளவில். ஏற்றும் வேலையை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது எடையை இடது காலுக்குக் கொண்டுவந்து கீழ்நோக்கி அடிப்பது.

புல்லில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டு, இரண்டு காலுக்கும் நடுவில் அது இருக்கும்படி நில்லுங்கள். பந்து இல்லாமல் வீசுங்கள். கிளப் மண்ணைச் சுரண்டிய தடம் கோட்டுக்கு இடது பக்கம் இருந்தால் சரி. பயிற்சித் திடலான ரேஞ்சில் உள்ள ரப்பர் பாயை நம்பாதீர்கள். பந்துக்குப் பின்னால் அடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தில் படும், நல்ல அடி என்று நினைத்துக்கொள்வீர்கள். புல்லுக்கு வந்தால் சாயம் வெளுத்துவிடும்.

ஈரோடு: டிரைவருக்கும் கீழ்நோக்கித்தானா?

இல்லை. அங்கே பந்து டீ என்ற சிறு முளையின் மேல் நிற்கிறது. இடது குதிகாலுக்கு நேராக வைத்து, கிளப் மேலேறத் தொடங்கும்போது அடிக்க வேண்டும். பந்தில் பாதி டிரைவரின் மேல் விளிம்புக்கு மேலே தெரியும் உயரத்தில் டீயைக் குத்துங்கள்.

கோவை: மகளுக்கு ஒன்பது வயது. ஒல்லியான பெண், தூரமாக அடிக்க வரவில்லை என்று சோர்ந்துபோகிறாள். எதிலிருந்து தொடங்கலாம்?

பட்டரிலிருந்து. நம் இந்திய வீராங்கனை அதிதி அசோக்கைக் காட்டுங்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவரைவிட வெகுதூரம் அடித்தவர்கள்தான் களத்தில் அதிகம். பட்டிங்கின் பலத்தில் 4ஆம் இடம் வந்தார், பதக்கம் ஒரே ஓர் அடியில் நழுவியது. கணக்கையும் சொல்லுங்கள். பார் என்பது தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஆகும் அடிக்கணக்கு. பார் 72 மைதானத்தில் 18 குழி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட் (பட்டரால் உருட்டும் அடி) என்று வைத்தே பார் கணக்கிடுகிறார்கள். அதாவது 72இல் 36, சரி பாதி.

குழியின் அகலம் 108 மி.மீ., பந்து 43க்கும் கொஞ்சம் குறைவு. இடம் தாராளமாக இருக்கிறது. தவறுவது பெரும்பாலும் வேகத்தில்தான். கண்ணை மூடி அடித்துவிட்டு 'குறைவா, கூடுதலா' என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, பெரியவர்களுக்கும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கொழும்பு: மணல் குழிக்குள் விழுந்தால் நாலைந்து அடி போய்விடுகிறது.

பந்தை அடிக்கப் பார்க்கிறீர்கள், மணலை அடியுங்கள். கிளப்பின் முகத்தைத் திறந்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறக்கி, நிறுத்தாமல் வீச்சை முடியுங்கள். பாதியில் கையைப் பின்வாங்குவதுதான் பலர் செய்வது. அடிப்பதற்கு முன் பந்தையொட்டி மணலில் கிளப்பை ஊன்றினாலும், ஒத்திகை வீச்சில் மணலைத் தொட்டாலும் அபராதம்.

மதுரை: பந்து தொலைந்தால் எவ்வளவு நேரம் தேடலாம்?

3 நிமிடம். 2019க்கு முன்பு 5 ஆக இருந்தது. கிடைக்காவிட்டால் ஓர் அபராத அடி, பழைய இடத்துக்கே திரும்பிப் போய் ஆட வேண்டும். சந்தேகம் வந்தால் அங்கேயே, 'புரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்று சொல்லிவிட்டு இன்னொரு பந்தை அடித்து வைத்துக்கொள்ளுங்கள், நடை மிச்சம்.

வேளச்சேரி: அலுவலகத்தில் முதல் முறையாக மைதானத்துக்கு அழைத்திருக்கிறார்கள். மானம் போகாமல் வர வழி சொல்லுங்கள்.

மோசமாக ஆடினால் யாரும் கோபிக்க மாட்டார்கள், தாமதமாக ஆடினால்தான் முகம் சுளிப்பார்கள். காலர் வைத்த சட்டை, ஒரே ஓர் ஒத்திகை வீச்சு, மற்றவர் அடிக்கும்போது பேச்சு கூடாது. பந்து யார் பக்கமாவது பறந்தால் வெட்கப்படாமல் 'ஃபோர்!' என்று கத்தி எச்சரியுங்கள். மணல் குழியை விட்டு வரும்போது வாரிவிட்டு வாருங்கள். பையைத் தூக்கி வரும் கேடி அண்ணன், குழியைச் சுற்றியுள்ள கிரீனில் 'ரெண்டு கப் லெஃப்ட் சார்' (குழியின் அகலத்தில் இரண்டு மடங்கு இடது பக்கம்) என்றால் எதிர்க்கேள்வி கேட்காமல் அங்கேயே குறி வையுங்கள், அந்தப் புல் அவருக்கு அத்துப்படி. பாரைப் போல இரண்டு மடங்கு அடித்தும் குழி வரவில்லையா? நட்பு ஆட்டம்தானே, பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடையைக் கட்டுங்கள்.