ரெண்டும் இடது கை: இளவயது டிமென்ஷியா வந்த வீட்டில் கணவன் மனைவி (கேள்வி பதில்)

என் மனைவிக்கு 52 வயதில் அல்சைமர் என்று உறுதியானது. ஞாபகமும் சிந்தனையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் டிமென்ஷியாவில் அது ஒரு வகை. இப்போது 60. வீட்டில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 65 வயதுக்கு முன்னால் தொடங்கினால் அதை இளவயது டிமென்ஷியா என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை அளவு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மற்றபடி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டீர்கள், சரி, வரிசையாக வருகிறேன்.

என் கணவருக்கு 49 வயது அண்ணா. சாவி, போன் எல்லாம் எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறார். பயமாக இருக்கிறது. உங்களுக்கு முதலில் எப்படித் தெரிந்தது?

சாவியை நானும்தான் தினம் தேடுகிறேன் தங்கச்சி. அதை விடுங்கள். செய்து செய்து கையில் ஊறிப்போன வேலை தடுமாறுகிறதா, அதைப் பாருங்கள்.

என் மனைவி இருபத்தைந்து வருடம் வீட்டிலேயே பிளவுஸ் தைத்தவள். ஒரு நாள் அடுத்த தெருப் பெண் ஒருத்தி பட்டு பிளவுஸைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், ரெண்டு கையும் இடது கையாக இருக்கிறது. கைத்துணியில் முன்பக்க வளைவைக் கொஞ்சம் ஆழமாக வெட்டுவார்கள், அதனால் இடது வலது மாறினால் தோளில் பிடிக்கும். "துணியை மடிச்சுப் போடாம வெட்டிட்டேன் போல" என்று சிரித்தாள், நானும் சிரித்தேன். அடுத்த மாதம் இன்னொன்று. அப்புறம் ஒரு மதியம் போய்ப் பார்த்தால், சாக்கால் கோடு போட்டு அழித்து, போட்டு அழித்து, கருநீலத் துணி முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது, இவள் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

கண்ணாடியை ரெண்டு தடவை மாற்றினோம். மாதவிடாய் நிற்கிற வயசு என்றார் ஒருவர். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார் இன்னொருவர். ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று. 50 வயதில் டிமென்ஷியா என்று யாருக்கும் தோன்றாது, அதுதான் இந்த நோயின் முதல் தொல்லை.

உங்கள் வீட்டில் முதலில் வைட்டமின் பி12, தைராய்டு ரெண்டையும் ரத்தத்தில் பாருங்கள். தூக்கம், குடி, மனச்சோர்வு, எப்போதாவது கீழே விழுந்து தலையில் அடிபட்டதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இவற்றாலும் மறதி வரும், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். அதற்குப் பிறகுதான் நரம்பியல் டாக்டர், ஸ்கேன் எல்லாம்.

கணவருக்கு 54. ஞாபகம் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆளே மாறிவிட்டார். சாவு வீட்டில் ஜோக் அடிக்கிறார், கிலோ கணக்கில் ஜிலேபி வாங்கித் தின்கிறார், நான் அழுதால் கண்டுகொள்வதே இல்லை. கெட்ட சகவாசம் என்கிறார் மாமியார்.

உடனே நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ காட்டுங்கள் அம்மா. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒரு வகை டிமென்ஷியா உண்டு. அதில் முதலில் குணம்தான் போகும், ஞாபகம் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். இனிப்பு வெறி, வெட்கமின்மை, கூட இருப்பவர் வேதனை உறைக்காமல் போவது எல்லாம் அதில் வரும். அல்சைமருக்கு வழக்கமாகக் கொடுக்கும் டொனெபெசில் மாத்திரை இதற்கு உதவாது, சிலருக்கு நடத்தை இன்னும் மோசமாகும். அதனால் எந்த வகை என்று தெரிந்துகொள்வது முக்கியம். இன்னொன்று, அவர் போனில் பணம் அனுப்பும் வரம்பை இன்றைக்கே குறைத்து வையுங்கள். இந்த நோயில் சேமிப்பு கரைந்த பிறகுதான் பல வீடுகளுக்கு விஷயமே தெரிகிறது.

ஐயா, என் மனைவி (57) எனக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்கிறாள். முப்பது வருடக் குடும்பம். என்ன சொல்லியும் நம்பவில்லை. செத்துவிடலாம் போல இருக்கிறது.

1901-ல் ஜெர்மனியில் பிராங்பர்ட் மனநல மருத்துவமனைக்கு ஆகஸ்டெ டெட்டர் என்ற பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வயது 51. 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து, அதே வருடம் டூபிங்கனில் நடந்த கூட்டத்தில் அல்சைமர் என்ற டாக்டர் பேசினார். நோய்க்கு அவர் பெயர் வந்தது அதனால்தான். அந்தப் பெண்ணிடம் முதலில் தெரிந்த அறிகுறியாக அவர் எழுதி வைத்திருப்பது என்ன தெரியுமா? கணவன் மேல் சந்தேகம். முதல் நோயாளியே இளவயதுக்காரர், முதல் குற்றவாளியே புருஷன். இதைப் படித்த அன்று எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

எங்கள் வீட்டில் சந்தேகம் பால்காரம்மா மேல். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன், மறுநாள் காலையில் மறுபடி ஆரம்பித்தாள். பிள்ளைகளைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன், "நீங்க எல்லாரும் கூட்டு" என்றாள். வாதாடி ஜெயிக்க முடியாது ஐயா, ஏனென்றால் நீங்கள் கொடுக்கும் ஆதாரம் அவர் தலையில் தங்கப்போவதில்லை, பயம் மட்டும் தங்கும். பிறகு ஒரு நாள் அலுத்துப்போய், "தனியா இருந்தது பயமா இருந்துச்சா?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் முறைத்தாள். அப்புறம் காபி கேட்டாள். பால் பாக்கெட்டுக்குக் கேட்டில் பை மாட்டிவிட்டேன், அந்தம்மா இப்போது உள்ளே வருவதில்லை. சந்தேகம் திடீரென்று ரெண்டு நாளில் அதிகமானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை ஏதாவது காரணமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

செத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைச் சும்மா கடந்து போக முடியாது. 14416, டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், தமிழில் பேசலாம். இன்றைக்கே பேசுங்கள்.

வீடு மனைவி பெயரில் இருக்கிறது. பவர் எழுதி வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். நம் நாட்டுச் சட்டப்படி, பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் அந்தப் பவர் முடிந்துபோகும். அதாவது எப்போது தேவையோ அப்போது இருக்காது. அதனால் புரிந்து கையெழுத்துப் போடும் நிலையில் அவர் இருக்கும்போதே வேலையை முடியுங்கள். வங்கிக் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும்படி மாற்றுங்கள், நாமினி போடுங்கள். உயிலுக்கு ரெண்டு சாட்சி வேண்டும், அவருக்குத் தெளிவு இருக்கிறது என்று அதே நாள் தேதியில் டாக்டர் சான்றிதழும் வாங்கி வையுங்கள், பின்னால் மச்சான் கோர்ட்டுக்குப் போனால் உதவும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், எனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், என் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் இடம் இருக்கிறது. எல்லாம் கை நழுவிய பிறகு என்றால், பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நான் அப்படித்தான் அலைந்தேன். "அவகிட்ட இப்பப் போய்க் கையெழுத்துக் கேக்கறதா" என்று தயங்கித் தள்ளிப்போட்ட ஆறு மாதத்தின் விலை அது.

வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்கள், 80டிடிபி பிரிவு என்று சொல்லிவந்த மருத்துவச் செலவுக் கழிவைப் பாருங்கள். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சிறப்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தால், 60 வயதுக்குக் கீழே உள்ளவரின் மருத்துவச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை கழிவு உண்டு.

கணவர் அரசு ஊழியர், 53 வயது. வேலையில் தப்பு வருகிறது, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

எழுதிக் கொடுக்காதீர்கள். பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிவு 20. அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்றலாம், அப்படி வேலை இல்லாவிட்டால் கூடுதல் பணியிடம் உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். டிமென்ஷியா என்ற பெயர் அந்தச் சட்டப் பட்டியலில் தனியாக இல்லை, நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு, மனநோய் என்ற தலைப்புகள் இருக்கின்றன. முதலில் ஊனச் சான்றிதழ், அப்புறம் மனு, எல்லாம் எழுத்தில். தனியார் வேலைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். பரம்பரையாக வருமா? சொல்ல வேண்டுமா?

ஒரே மரபணுப் பிழையால் நேரடியாகப் பிள்ளைகளுக்கு இறங்கும் வகை இருக்கிறது, அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் இளவயதில் வருபவர்களிலும் அந்த வகை அபூர்வம்தான். தலைமுறை தலைமுறையாக நாற்பது ஐம்பது வயதில் வந்த குடும்பமா என்று பாருங்கள். அப்படி என்றால் மரபியல் ஆலோசனைக்குப் போங்கள், பரிசோதனை செய்வதா வேண்டாமா என்பது மகளின் முடிவு, உங்களுடையது அல்ல. சம்பந்தி வீட்டில், அம்மாவுக்கு உடம்பு இப்படி என்று சொல்லிவிடுங்கள். மேடையில் வந்து "இது யார் கல்யாணம்?" என்று அவரே கேட்பார், மறைக்க முடியாது. எங்கள் வீட்டில் கேட்டாள்.

பைக் ஓட்ட விடலாமா?

கூடாது. சாவியை ஒளித்துச் சண்டை போடுவதைவிட வண்டியை மெக்கானிக்கிடம் விட்டிருப்பதாகச் சொல்வது சுலபம். பொய்தான்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கணவன் மனைவி உறவு...?

இதைப் பலர் கேட்டிருக்கிறீர்கள், பெண்களும். என் அளவுகோல் ஒன்றுதான்: நான் யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவளுக்கும் விருப்பம் இருக்க வேண்டும். ஒரு ராத்திரி யாரோ ஒரு ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துச் சுவரோரமாக ஒதுங்கினாள். அதோடு நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. உங்கள் கணவர் நோயால் ஓயாமல் வற்புறுத்துகிறார் என்றால் அதைச் சகித்துக்கொள்ளக் கடமை எதுவும் இல்லை, டாக்டரிடம் சொல்லலாம், வேறு அறையில் படுக்கலாம். எங்களுக்கு மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை எண்ணெய். தலையில் வைத்துத் தேய்த்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

உங்களுக்குக் கோபமே வராதா? அவங்களுக்கு உங்களை இன்னும் தெரிகிறதா?

வரும். ஒரே கேள்வியை இருபதாவது முறை கேட்டபோது ஒரு தடவை தட்டை எறிந்திருக்கிறேன். முதல் ரெண்டு வருடம் "இது யாரு சொல்லு, இன்னிக்கு என்ன கிழமை சொல்லு" என்று பரீட்சை வேறு வைத்துக்கொண்டிருந்தேன், அதற்குத்தான் இப்போது வெட்கப்படுகிறேன். இன்று மகன் மாதத்தில் ரெண்டு நாள் வந்து பார்த்துக்கொள்கிறான், நான் எங்காவது பஸ் ஏறிப் போய் டீ குடித்துவிட்டு வருவேன்.

புருஷன் என்று தெரிவதில்லை. தைக்கக் கொடுக்க வந்த ஆள் என்று நினைக்கிறாள். "அளவு பிளவுஸ் கொண்டாந்தீங்களா?" என்பாள். பழையது ஒன்றைக் கையில் கொடுத்தால் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை வந்து வாங்கிக்கங்க" என்கிறாள். சரிங்க என்று சொல்லிவிட்டுச் சாதம் பிசையப் போவேன்.