சுண்டுவிரல் மரத்துப்போனால் மவுஸை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வயது 24. தினமும் ராத்திரி நான்கைந்து மணி நேரம் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறேன். மூன்று மாதமாக வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடிக்கடி மரத்துப்போகின்றன. இணையத்தில் பார்த்தால் கார்ப்பல் டனல் என்கிறார்கள். மெடிக்கலில் கேட்டு நரம்பு மாத்திரை போடுகிறேன். நெட்டி முறிக்கும் பழக்கமும் உண்டு. எட்டாயிரம் ரூபாயில் நல்ல கேமிங் மவுஸ் வாங்கினால் சரியாகுமா? அப்பாவுக்கு 48 வயதில் பக்கவாதம் வந்தது.
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: தம்பி, கடைசி வரிக்கு முதலில் வருகிறேன். இது பக்கவாதம் இல்லை. பக்கவாதம் திடீரென்று வரும். வாய் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கக் கை காலைத் தூக்க வராது. மூன்று மாதமாக இரண்டே விரலில் வந்து வந்து போவது அதன் லட்சணம் இல்லை. அப்பாவுக்கு வந்ததால் வருஷத்துக்கு ஒருமுறை பிரஷரும் சர்க்கரையும் பாருங்கள், போதும்.

கார்ப்பல் டனலும் இல்லை. அது மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்குவது. அந்த நரம்பு கட்டைவிரலில் தொடங்கி மோதிரவிரலில் பாதியோடு நின்றுவிடும். சுண்டுவிரல் பக்கமே வராது. இணையத்தில் நோயைத் தேடுகிறவர்கள் எந்த விரல் என்பதைத்தான் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் விரல்களுக்குப் போவது அல்னார் நரம்பு. முழங்கை எங்காவது இடித்தால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அதே நரம்புதான். அந்த இடத்தில் அதற்கு மெத்தையாகச் சதை கிடையாது. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி ஆடுவீர்கள். அப்புறம் படுத்துக்கொண்டு கையை மடக்கி போன் பார்ப்பீர்கள். மடக்கிய கையோடே தூங்கியும் போவீர்கள். நரம்புக்கு ஓய்வு ஏது? சிலருக்கு மணிக்கட்டின் ஓரத்திலும் இது நசுங்கும்.

இப்போது ஒன்று செய்யுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே இரண்டு புறங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மேடாகச் சதை இருக்கும். வலது கையில் மட்டும் அது பள்ளமாக இருக்கிறதா? அடுத்து, ஒரு தாளை இரண்டு கையாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே பிடித்து, இரண்டு பக்கமும் இழுங்கள். வலது கட்டைவிரலின் நுனி மூட்டு மட்டும் மடங்கிக்கொள்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டும். வற்றிப்போன சதை ஆபரேஷன் செய்தாலும் முழுசாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கியது, உங்கள் வீட்டிலிருந்து தூரமும் இல்லை. நரம்பில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று டெஸ்ட் எடுப்பார்கள். முழங்கையில் நரம்பு தடித்திருக்கிறதா, உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தொழுநோயும் இந்த நரம்பைப் பிடிக்கும் என்பதால் நம் ஊரில் அதைப் பார்க்காமல் விடக்கூடாது.

நெட்டி முறிப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். நரம்பு மாத்திரைகள் பலவற்றில் வைட்டமின் பி6 இருக்கும், அளவுக்கு மீறினால் அதுவே விரல்களை மரக்கச் செய்யும். மெடிக்கல் கடைக்காரர் உங்கள் கையைத் தொட்டாவது பார்த்தாரா?

சரி, மவுஸ். டிபிஐ என்பது மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினால் திரையில் அம்பு எவ்வளவு ஓடும் என்கிற அளவு. டப்பாவில் 26,000 டிபிஐ என்று போட்டிருப்பது விற்பனைக்கு. ஆடுகிற பலர் 400 முதல் 1600-க்குள்தான் வைக்கிறார்கள். ரிச்சி தெருவுக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளங்கை நிறைய உட்கார வேண்டும், கை சின்னதென்றால் மவுஸும் சின்னது. எடை 60, 70 கிராம் என்றால் இழுக்கச் சுலபம். எதை வாங்கினாலும் முழங்கை நரம்புக்கு அது மருந்தாகாது. நாற்காலியை உயர்த்தி, முழங்கை விளிம்பில் படாமல் உட்காருங்கள். அரை மணிக்கு ஒருமுறை கையை நீட்டி இறக்குங்கள். ராத்திரி முழங்கையில் ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுத்தால் கை மடங்காது. இப்படி ஆறு வாரம் இருந்தும் மரப்பு விடவில்லை என்றாலோ, நடுவிலேயே நாள் முழுக்க மரத்துக் கிடந்தாலோ, சதை வற்றாவிட்டாலும் ஸ்டான்லிக்குப் போய்விடுங்கள்.