டாக்டர்கிட்ட பேச சைகை மொழி ஆப் போதுமா?

சிஸ்டர், காது கேக்காத உங்க தம்பிக்கு அடுத்த வாரம் ஆபரேஷன் பத்தி டாக்டர்கிட்ட பேசணும், சைகைய கேமரால பாத்து தமிழ்ல சொல்ற ஏஐ ஆப் போதுமான்னு கேட்டிருந்தீங்க. இந்த விஷயத்துக்கு அத நம்பாதீங்க. டெமோ வீடியோல வர்றது பெரும்பாலும் தனித்தனி வார்த்தைதான், அதுலயும் நிறைய அமெரிக்க சைகை மொழி, அது வேற மொழிங்க, எழுத்து காட்டவே அவங்களுக்கு ஒரு கை நமக்கு ரெண்டு கை. நம்ம சைகைல புருவம், தலையாட்டல் எல்லாமே இலக்கணம், கைய மட்டும் பாக்குற மாடல் தலையசைப்ப விட்டுட்டா "வலிக்கல" போயி "வலிக்குது" ஆயிடும்.

டாக்டர் பேசறத எழுத்தாக்க கூகுளோட லைவ் டிரான்ஸ்கிரைப் ஆப் ஓகே, இலவசம், தமிழும் இருக்கு, ஆனா மருந்து பேர கொதறிடும், அத மட்டும் எழுதி வாங்கிக்கோங்க. தம்பி தமிழ் சரளமா படிப்பாரா? சைகையிலயே வளந்த பலருக்கு எழுத்துத் தமிழ் ரெண்டாவது மொழி மாதிரிதான் (நம்மாளுங்க இத யோசிக்கறதே இல்ல).

இன்னிக்கே ஆஸ்பத்திரில சைகை மொழிபெயர்ப்பாளர் கேளுங்க, நேர்ல கிடைக்கலன்னா வீடியோ கால்லயாவது. டெல்லில இருக்குற ஐஎஸ்எல்ஆர்டிசி (இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம்) போட்ட 10,000 சொல் சைகை அகராதி வீடியோவா நெட்லயே இருக்கு, உடம்பு சம்பந்தமான வார்த்தைகள ரெண்டு பேரும் முன்னாடியே பாத்து வைங்க. யார் கூட வரணும்னு மட்டும் தம்பிகிட்டயே கேட்டுக்கோங்க, அக்கா முன்னாடி சிலது சொல்ல கூச்சப்படலாம்.