ஆகாயத்தாமரை முதல் காக்கா ஆழி வரை: கேள்வி பதில்

ஏரி, சதுப்புநிலங்களில் புகுந்துவிட்ட அயல் செடிகள், உயிரினங்கள் பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

பொக்லைன் வைத்து ஏரியில் இருந்த ஆகாயத்தாமரையை எல்லாம் அள்ளினோம் அண்ணா. ஆறே மாதத்தில் மறுபடி மூடிவிட்டது. எங்கே தப்பு? (செங்கல்பட்டு)

அள்ளியதில் தப்பில்லை தம்பி. அதற்குத் தீனி போடுவதை யாரும் நிறுத்தவில்லை. வரத்துக்கால்வாயில் ஒருமுறை நடந்து பாருங்கள், எங்காவது சாக்கடை விழும். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் இந்தச் செடிக்கு உரம். சத்து நிறைந்த நீரில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். ஒரு துண்டு தங்கினாலும் பக்கக்கன்று விடும். சேற்றில் கிடக்கும் விதை பல ஆண்டு கழித்தும் முளைக்கும்.

பிறந்த இடம் அமேசான் படுகை. பூ அழகாக இருக்கிறதென்று 1890களில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீர்ப்பரப்பை மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே இறங்காது, அடியில் வளரும் நீர்ச்செடிகள் அழியும், ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும். முக்குளிப்பான் பறவை மூழ்கி இரை தேட இடமே இருக்காது. இலைமேல் நடக்கும் தாமரைக்கோழியைப் பார்த்து, ‘பறவை வருகிறதே, ஏரி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று ஏமாந்துவிடாதீர்கள்.

முதலில் சாக்கடையைத் திருப்பப் போராடுங்கள். கோடையில் நீர் குறையும்போது அள்ளுங்கள். அள்ளியதைக் கரையில் குவிக்க வேண்டாம், முதல் மழைக்கே திரும்ப உள்ளே போகும். அப்புறம் மாதம் ஒருமுறை நாலு பேர் இறங்கி, புதிதாக வந்ததைக் கையால் பொறுக்குங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லா ஊரிலும் விட்டுவிடுகிறார்கள்.

இதைத் தின்னும் வண்டு இருக்கிறதாமே, அதை விட்டால் போதாதா?

இருக்கிறது. நியோசெட்டினா என்ற கூன்வண்டை 1980களில் பெங்களூருக்கு வரவழைத்துச் சோதித்து, பிறகு நீர்நிலைகளில் விட்டார்கள். பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். இடையில் செடியை முழுக்க அள்ளினால் வண்டும் கூடவே போய்விடும்.

எங்கள் குளத்துச் சீமைக்கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கின்றன. உடனே வெட்ட வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது ஐயா? (திருநெல்வேலி)

குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு கிளையைக்கூடத் தொட வேண்டாம். அதன் பிறகும் ஒரே மூச்சில் வெட்டாதீர்கள். முதலில் நாட்டுக்கருவேலமும் நீர்க்கடம்பும் நட்டு, அவை கூடு தாங்கும் அளவுக்கு வளர்ந்த பிறகு பகுதி பகுதியாக எடுங்கள். வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டுவது பெரும்பாலும் நீர்க்கடம்பில்தான். அடிமரத்தை விட்டால் சீமைக்கருவேலம் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். காயைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தோடு விதையைப் பரப்புவதால், புதுக்கன்றுகளையும் வருடாவருடம் பிடுங்குங்கள்.

ஆனால் கோடியக்கரை போன்ற திறந்த வெளியில் இந்தப் பொறுமை கூடாது. அங்கே வெளிமான் மேய்வது புல்வெளியில், உள்ளான் பறவைகள் இரை தேடுவது சேற்றுவெளியில். சீமைக்கருவேலம் பரவிவிட்டால் அந்தத் திறந்த வெளி இல்லாமலே போய்விடும்.

எண்ணூரில் காக்கா ஆழி என்கிறார்களே, அது என்ன?

தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த கறுப்பு மட்டி. கப்பலின் அடியில் ஒட்டியோ, கப்பல் சமநிலைக்காக ஏற்றும் நீரில் குஞ்சாகவோ வந்திருக்க வேண்டும் என்பதே வலுவான கருத்து. நார்போன்ற இழையால் ஒன்றோடொன்று பிணைந்து ஆற்றடியில் கம்பளம்போல் படர்கிறது. இறால் சேற்றில் புதைந்து வாழ்வது. சேறே தெரியாவிட்டால் அது எங்கே போகும்? கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு வருமானம் போனது, மட்டியின் கூரிய ஓட்டால் கையிலும் காலிலும் காயமும் மிச்சம். இதை முதலில் கண்டு சொன்னவர்கள் மீனவர்கள். அவர்கள் பேச்சுக்கு அன்றே காது கொடுத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தொட்டியில் வளர்த்த டேங்க் கிளீனர் மீன் பெரிதாகிவிட்டது. பக்கத்து ஏரியில் விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். முள்ளும் கவசமும் உள்ள மீன் அது. வலையைக் கிழிக்கும், கரையைக் குடைந்து முட்டையிடும், நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால், பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறு யாரிடமாவது கொடுங்கள்.