மேட்டுப்பாளையத்தில் ரயில் மாறும்போது

கேள்வி: சென்னையிலிருந்து ஊட்டி மலை ரயிலுக்கு வருகிறோம். மேட்டுப்பாளையத்தில் எஞ்சினைப் பின்னால் மாட்டுவது ஏன்?

பதில்: நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் விடிகாலையில் இறங்கலாம்; மலை ரயில் காலை 7.10-க்கு. அகலப்பாதை இங்கேயே முடிகிறது, மலைப்பாதை மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலம்). குன்னூர் வரை 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் ரயில் வந்தது.

கல்லாறு நிலையம் தாண்டியதும் சில இடங்களில் சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். அதனால்தான் நடுவே பல் தண்டவாளம். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். அருமையான ஏற்பாடு! எஞ்சின் கீழ்ப்புறம் நின்று தள்ளுவதால், இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் சரிவில் உருண்டோடாது. குன்னூரில் டீசல் எஞ்சின் மாட்டுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவால் ரயில் ரத்தாவதுண்டு. கிளம்பும் முன் கட்டாயம் விசாரியுங்கள்.