சிறுநீர்த்தொற்றுக்குப் பின் அம்மாவுக்கு மறதி: இது டிமென்ஷியாவா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. ஆறு வாரங்களுக்கு முன் சிறுநீர்த்தொற்றால் கடும் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டாம் நாள் இரவு, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றார். என்னைத் தன் தங்கை பெயர் சொல்லி அழைத்தார். வீடு திரும்பிய பிறகும் காலையில் மாத்திரை போட்டாரா இல்லையா என்பதே அவருக்கு நினைவில் இருப்பதில்லை. தொற்றுதான் டிமென்ஷியா என்னும் மறதி நோயைக் கொண்டுவந்துவிட்டதா? அக்கித் தடுப்பூசி போட்டால் மறதி நோய் வராது என்கிறார்களே, உண்மையா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மருத்துவமனையில் உங்கள் தாயாருக்கு வந்தது டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம் என்றே தோன்றுகிறது. டிமென்ஷியா மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லப் படரும். டெலிரியமோ சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கி, பகலில் சற்றுத் தெளிந்து, இரவில் மோசமாகும். வயதானவர்களுக்கு அது முழுவதும் விலகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே ஆறு வாரத்திலேயே நினைவாற்றல் சோதனை செய்து முடிவு கட்டுவது சரியல்ல. மூன்று மாதங்களாவது கழித்துச் செய்வதே நம்பத்தக்கது.

இருந்தாலும் கவலையே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். பிரிட்டனிலும் பின்லாந்திலும் பெருந்தொகையான மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2021-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தொற்று கண்டவர்களிடம் டிமென்ஷியா மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கோ அதற்கும் மேலோ காணப்பட்டது. மூளையை நேரடியாகத் தாக்காத நிமோனியா போன்ற தொற்றுகளுக்கும் இது பொருந்தியது. கடும் தொற்றின்போது உடலெங்கும் எழும் அழற்சி மூளையின் நோயெதிர்ப்புச் செல்களையும் தூண்டிவிடுகிறது. அதோடு இரத்த அழுத்தம் விழுவதும் ஆக்சிஜன் குறைவதும் சேர்ந்தால், ஏற்கெனவே நலிந்திருக்கும் இரத்தக்குழாய்கள் தாங்குவதில்லை.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. டிமென்ஷியா உள்ளுக்குள் தொடங்கிவிட்ட ஒருவர் தண்ணீர் குடிக்க மறக்கிறார், உணவு புரையேறுகிறது, உடல் சுத்தம் தவறுகிறது. அதனாலேயே தொற்றும் வருகிறது. எது முந்தியது என்று பிரித்தறிய, தொற்றுக்குப் பின் முதல் பத்து ஆண்டுகளில் கண்டறியப்பட்ட டிமென்ஷியாவை ஒதுக்கிவிட்டும் அதே ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தொடர்பு வலுக்குறைந்ததே தவிர மறைந்துவிடவில்லை. தொற்று பெரும்பாலும் புதிதாக நோயை உண்டாக்குவதில்லை, உள்ளே நடந்துகொண்டிருக்கும் தேய்வை விரைவுபடுத்துகிறது, அல்லது நம் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது என்பதே என் கருத்து. அதனால் நான் உங்களிடம் கேட்பது காய்ச்சலுக்கு முந்தைய ஓராண்டைப் பற்றித்தான். சொன்னதையே திரும்பச் சொன்னாரா, பணக்கணக்கில் தடுமாறினாரா, பழகிய வழியில் குழம்பினாரா? இந்த விடைகள் பல நேரங்களில் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

இப்போதைக்கு அவர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். தூக்க மாத்திரைகளும், சிறுநீர் அடக்கமுடியாமைக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் முதியவர்களின் மனத்தெளிவை மங்கச் செய்யும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், தேவைதானா என்று கேளுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம், சர்க்கரை ஆகியவற்றையும், காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் மீண்டும் திடீரென்று குழம்பினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றே அழைத்துச் செல்லுங்கள். முதுமையில் தொற்று காய்ச்சலில்லாமலும் வரும். அதே சமயம், எரிச்சலோ வேறு அறிகுறியோ இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பதாக மட்டும் அறிக்கை வந்தால் அதற்காக ஆன்டிபயாடிக் தரவேண்டியதில்லை. மூத்த பெண்களிடம் அது வெகு சாதாரணம்.

அக்கித் தடுப்பூசி பற்றிய செய்தி வெறும் வதந்தி அல்ல. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் 2013-இல் இத்தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. சில வார வயது வித்தியாசத்தைத் தவிர வேறுபாடில்லாத இரு பிரிவினரை ஒப்பிட இது அரிய வாய்ப்பாயிற்று. ஏழாண்டுகளில், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடம் டிமென்ஷியா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று 2025-இல் வெளியான முடிவு சொல்கிறது. பலன் பெண்களிடம் அதிகம். ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது "வராது" என்பதாகாது. மேலும் அங்கே போடப்பட்டது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்ட பழைய வகை. இப்போது பரவலாகத் தரப்படுவது 50 வயதுக்கு மேற்பட்டோருக்கு இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடும் புதிய வகை. உங்கள் தாயார் நன்கு தேறியதும், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளோடு இதையும் மருத்துவரைக் கேட்டுப் போடலாம். அக்கியின் வலி மாதக்கணக்கில் நீடிக்கக்கூடியது. அதைத் தவிர்ப்பதற்காகவே இந்த ஊசி போடத் தகுந்தது.